பொய்யை உடைத்த புகைப்படங்கள்

தம்பலகாமத்தில் நான் சந்திக்கும் தாய்மார் சிலர், காணாமற்போன பிள்ளையின் படத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். “இதால என்ன பிரயோசனம், பிள்ளை?” என்று என்னைக் கேட்பதுமுண்டு. அவர்களுக்கு நான் திருகோணமலையில் நடந்ததைச் சொல்வேன்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் எனப் படைத்தரப்பு கூறியது. இறந்தவன் தமிழ் இளைஞன் என்றால் கேள்வியின்றி நம்பப்படும் கதை அது. இனவாதத்தின் பலமே அதுதான்.

‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் சடலங்களைப் படம்பிடித்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. படங்கள் வெளியாகின, குண்டுக் கதை பொய்த்தது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

படம் மட்டும் நீதியைப் பெற்றுத் தராது. அச்சுறுத்தலால் சாட்சிகள் சிலர் நாட்டைவிட்டே வெளியேறினர். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென 2019இல் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் அந்த மாணவர்கள்மீது சுமத்தப்பட்ட பழி நிலைக்கவில்லை. பெற்ற தாய்க்கு அது சிறிய விடயமா?

சகோதரிகளே, உங்களிடமுள்ள படங்களின் பின்புறத்தில் பெயர், திகதி, இடம், எடுத்தவர் யார் என்பவற்றை எழுதுங்கள். பிரதியொன்றை நம்பிக்கையான வேறொரு வீட்டிலும் வையுங்கள். விபரம் எழுதிய படம் நமக்குப் பின்னும் சாட்சி சொல்லும்.