புவேப்லாவுக்குப் போன இந்தியப் பெண்

மெக்சிகோ நாட்டில் விழா நாட்களில் பெண்கள் ஓர் அழகிய உடை அணிந்து ஆடுவார்கள். பூ வேலை செய்த வெள்ளை ரவிக்கை. ஜிகினா மின்னும் சிவப்பும் பச்சையுமான பாவாடை. தோளிலே சால்வை. அந்த உடைக்கு ‘சீனா போப்லானா’ என்று பெயர். ‘புவேப்லா ஊரின் சீனப் பெண்’ என்று பொருள்.

ஆனால், அவள் சீனப் பெண் அல்ல, இந்தியாவில் பிறந்தவள்!

நேரான வீதிகள்

மெக்சிகோவின் தலைநகரில் இருந்து சுமார் 80 மைல் தூரத்தில் இருக்கிறது புவேப்லா. ஊருக்கு மேற்கே ஓர் எரிமலை. பெயர் போப்போகாட்டேபெட்ல். ‘புகையும் மலை’ என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி இன்றும் புகைகிறது!

1531-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டார் இந்த ஊரை அமைத்தார்கள். தேவதூதர்கள் இறங்கி வந்து, கயிறு பிடித்து வீதிகளை அளந்து கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. வீதிகள் அவ்வளவு நேர்! 1987-ல் பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

மணி போல் ஒலிக்கும் மண்

வீட்டுச் சுவர்களில் எல்லாம் வண்ண ஓடுகள் பதித்திருக்கிறார்கள். ‘தலவேரா’ என்று அதைச் சொல்கிறார்கள்.

இருவகைக் களிமண்ணைக் கலந்து, பிசைந்து, சக்கரத்தில் வனைகிறார்கள். காய வைத்துச் சூளையில் சுடுகிறார்கள். பிறகு தட்டிப் பார்ப்பார்கள். மணி போல் ஒலித்தால் நல்ல சரக்கு. அதன்மேல் வெள்ளைப் பூச்சு பூசி, சித்திரம் எழுதி, மறுபடியும் சுடுகிறார்கள்.

இந்தத் தொழில் ஸ்பெயினில் இருந்து வந்தது. ஆனால், வெள்ளையும் நீலமுமான சித்திரங்கள் சீனப் பீங்கானைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் இருந்து வந்த கப்பல்கள், அக்காபுல்கோ துறைமுகத்தில் பீங்கானையும் பட்டையும் இறக்கின.

மிளகாயும் சாக்லேட்டும்

புவேப்லாவின் பெயர் பெற்ற குழம்பு ‘மோலே’. பல வகை மிளகாய், நிலக்கடலை, எள், கிராம்பு, இலவங்கப்பட்டை எல்லாவற்றையும் வறுத்து அரைக்கிறார்கள். கொஞ்சம் சாக்லேட்டும் சேர்க்கிறார்கள்! கோழிக் கறியின்மேல் ஊற்றிப் பரிமாறுகிறார்கள்.

முன்பெல்லாம் மூன்று கால் வைத்த கல்லில் அரைத்தார்கள். நம் வீட்டு அம்மியின் உறவுக்காரன் அது!

மிளகாயும் கடலையும் அமெரிக்க மண்ணின் பொருள்கள். கிராம்பும் பட்டையும் கடல் கடந்து வந்தவை.

கடல் கடந்த சிறுமி

பொருள்களோடு மனிதர்களையும் அந்தக் கப்பல்கள் கொண்டுவந்தன, அடிமைகளாக!

அவர்களில் ஒருத்திதான் அந்த இந்தியச் சிறுமி. இயற்பெயர் மிர்ரா என்கிறார்கள். கடற்கொள்ளைக்காரர்கள் அவளைப் பிடித்துக் கொச்சிக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்றாள். ‘காதரினா தே சான் ஹுவான்’ என்பது புதுப் பெயர். பிறகு மணிலாவில் விற்றார்கள். அங்கிருந்து மெக்சிகோ. புவேப்லா வியாபாரி ஒருவர் அவளை விலைக்கு வாங்கினார்.

ஆசியாவில் இருந்து வந்தவர்களை எல்லாம் அந்நாளில் ‘சீனர்’ என்றே அழைத்தார்கள். அவளும் ‘சீனப் பெண்’ ஆனாள்.

எஜமானர் இறந்த பிறகு விடுதலை கிடைத்தது. ஆனால், ஊர் திரும்ப வழி ஏது? ஜெபத்திலும் தவத்திலும் காலம் கழித்தாள். மக்கள் அவளைப் புனிதவதியாக மதித்தார்கள். 1688-ல் காலமானாள். இறுதிச் சடங்கில் ஊரே திரண்டது. பாதிரியார் ஒருவர் அவள் வரலாற்றை எழுதினார். சமய விசாரணை மன்றம் அந்த நூலைத் தடை செய்துவிட்டது!

ஜிகினா உடையை அவள்தான் உண்டாக்கினாள் என்று ஊரார் சொல்வதுண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவள் உடுத்தியது எளிய உடைதான். ஜிகினா பாவாடை அவள் காலத்துக்கு வெகுநாள் பின்னால் வந்தது.

அவள் உடல் அடங்கிய இடம் புவேப்லாவின் இயேசு சபைக் கோவில். பிறந்த ஊரின் பெயர் யாருக்கும் தெரியாது. விலைக்கு வாங்கிய ஊரோ, தன் விழா உடைக்கு அவள் பெயரையே வைத்துக்கொண்டது!