'குடுத்தனான்' என்று சொன்னது யார்? இயந்திரத்திடம் போகும் எங்கள் மேசை வேலைகள்

சுயாதீன ஊடகவியலாளர் என்று அட்டை அடித்து வைத்திருந்தாலும், என் வீட்டு மின்சாரக் கட்டணத்தைக் கட்டிவந்தது செய்தி அல்ல. பதிவுசெய்யப்பட்ட குரலைக் கேட்டு எழுத்தாக்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வேலைதான் கட்டியது. ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியில் எடுக்கும் நேர்காணல்கள் அவை. ஊடகக் கற்கைகளில் என்னோடு பட்டம் பெற்ற பலரும் இந்த வேலையைச் செய்துதான் நின்று பிடித்தார்கள். ஒரு மணித்தியால ஒலிப்பதிவுக்கு எனக்கு ஒரு முழுநாள் வேண்டும். அழுகை வரும் இடங்களில் நிறுத்தி, எழும்பி நடந்து, திரும்பவும் போட்டுக் கேட்கவேண்டும்.

கடந்த வருடம் நான் வழக்கமாக வேலை செய்யும் ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இனிமேல் செயற்கை நுண்ணறிவு முதல் வரைவைச் செய்து தரும், நீங்கள் பிழை திருத்தினால் போதும், ஆகவே கட்டணம் பாதி. மிகவும் மரியாதையான மின்னஞ்சல். வேலை போய்விட்டது என்று அதில் எங்கும் இல்லை.

முதலாவதாக வந்த வரைவைத் திறந்து பார்த்தேன். ஒரு தாயின் நேர்காணல். 2009 மே மாதத்தில் நடந்ததைச் சொல்கிறார். அவருடைய வாயால் வந்தது இது: "பிள்ளையை ஆமியிட கையில குடுத்தனான்." இயந்திரத்தின் ஆங்கிலம், பிள்ளையை இராணுவத்தின் கையில் 'அவன் கொடுத்தான்' என்று சொன்னது.

எங்களுக்கு இதில் மயக்கமே இல்லை. 'குடுத்தனான்' என்றால் நான் கொடுத்தேன். 'போனனான்', 'கண்டனான்' எல்லாம் அப்படித்தான். ஈழத்துப் பேச்சு வழக்கைக் கேட்டிராத ஒருவருக்கு அந்த '-ஆன்' ஆண்பால் விகுதியாகக் கேட்கும். இயந்திரத்துக்கும் அப்படியே கேட்டிருக்கிறது. இலக்கணத்தில் இது சின்னப் பிழை. ஆனால் தன் கையால் பிள்ளையை ஒப்படைத்த தாய், வேறு யாரோ ஒப்படைத்ததைச் சொல்பவராக மாறிவிடுகிறார். கண்கண்ட சாட்சி கேள்விப்பட்ட கதையாகிவிடுகிறது.

அதே கோப்பில் இன்னும் இருந்தன. 'செல் விழுந்து அண்ணா செத்தவர்' என்ற இடத்தில் கைபேசி விழுந்திருந்தது. தமிழ்நாட்டில் செல் என்றால் கைபேசிதானே. 'வெள்ளை வானில கொண்டுபோனவை' என்பது வெள்ளை ஆகாயத்தில் கொண்டுபோனதாக வந்திருந்தது. 'இயக்கம்' ஓரிடத்தில் அசைவாகவும் இன்னோரிடத்தில் ஒரு கருவி இயங்குவதாகவும் இருந்தது. 'காணாமல் ஆக்கப்பட்ட' என்று அந்தத் தாய் ஒவ்வொரு தடவையும் அழுத்திச் சொன்னதை, வரைவு ஒவ்வொரு தடவையும் 'காணாமல் போன' என்ற பொருளிலேயே எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் தாய்மார் எத்தனை வருடம் வீதியோரத்தில் இருந்தார்கள் என்பது இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும்.

பாதிக் கட்டணத்துக்கு, பாதி நேரத்தில் இவற்றைப் பிடிக்கவேண்டும். ஒலியை முழுவதும் கேட்டால்தான் பிடிக்கலாம். முழுவதும் கேட்டால் எனக்கு மீண்டும் ஒரு முழுநாள்.

ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்வது கடினமல்ல. இந்த இயந்திரங்கள் இலக்கணம் படித்துத் தமிழைக் கற்கவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஊட்டி, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவதற்குச் சாத்தியம் அதிகம் என்று கணக்கிட அவற்றைப் பழக்குகிறார்கள். ஓபன்ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற பேச்சுணர் மென்பொருளுக்கு 680,000 மணித்தியால ஒலி ஊட்டப்பட்டதாக அந்த நிறுவனமே எழுதியது. அதில் ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்கு எல்லாமாகச் சேர்த்து 117,000 மணித்தியாலம். தமிழின் பங்கு அதற்குள் ஒரு துண்டு. அந்தத் துண்டிலும் தமிழ்நாட்டுக் குரல்களே அதிகம் இருந்திருக்கும். முல்லைத்தீவுத் தாய் ஒருவரின் பேச்சு அதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இயந்திரத்துக்குத் தெரியாத இடத்தில் அது தெரியாது என்று சொல்லாது. அதிகம் கண்ட சொல்லைப் போட்டு, வசனத்தை வழுவழுப்பாக முடித்துவிடும். பிழை கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு அந்த வழுவழுப்புத்தான் காரணம்.

மனிதர்கள் பிழையே விடுவதில்லை என்று நான் சொல்லவரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவின் அமர்வுகளில் மொழிபெயர்ப்புச் சரியில்லை என்று மக்கள் முறையிட்டது நினைவிருக்கும். ஆனால் அங்கே பிழைவிட்டவரைப் பார்த்து, "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று சொல்லக்கூடியதாக இருந்தது.

இனி வேலைகள் பற்றிய பெரிய கணக்குகளுக்கு வருவோம். 2023 மார்ச்சில் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் அறிக்கை 30 கோடி முழுநேர வேலைகளைப் பற்றிப் பேசியபோது, 30 கோடி வேலை போகப்போகிறது என்று தலைப்புகள் வந்தன. அறிக்கை சொன்னது, அத்தனை வேலைகளில் செயற்கை நுண்ணறிவின் தாக்கம் இருக்கும் என்பது. 2024 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியம் உலக வேலைகளில் ஏறத்தாழ 40 வீதம் என்று சொன்னதும் இதே பொருளில்தான். தாக்கம் என்பது இழப்பாகவும் இருக்கலாம், உதவியாகவும் இருக்கலாம். என்னுடைய விடயத்தில் அது விலைக்குறைப்பாக வந்தது. அந்த மூன்றாவது வகை பற்றித் தலைப்புகள் வருவது குறைவு.

எதிர்வுகூறல்களை நம்பிப் பயப்படவும் தேவையில்லை. இந்தத் துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன் 2016இல், கதிரியக்கப் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து வருடத்தில் இயந்திரம் அதைவிட நன்றாகச் செய்யும் என்றார். அந்த மருத்துவர்கள் இன்றைக்கும் வேலையில் இருக்கிறார்கள். படம் பார்ப்பது அவர்கள் வேலையின் ஒரு பகுதி மட்டுமே. ஒரு வேலை என்பது பல சிறு காரியங்களின் கட்டு. அதில் எத்தனை காரியத்தை இயந்திரம் எடுக்கிறது என்பதுதான் கேள்வி.

அப்படிப் பார்க்கும்போது எனக்கு அதிகம் உறைத்தது சர்வதேச தொழில் அமைப்பின் 2023 ஓகஸ்ட் ஆய்வு. எல்லாத் தொழில் வகைகளிலும் எழுதுவினைஞர் வேலைகளே மிக அதிகமாக அகப்படுகின்றன என்று அது கண்டது. தட்டச்சு, தரவுப் பதிவு, கடிதம் தயாரித்தல் போன்றவை. அந்த வேலைகளின் காரியங்களில் 24 வீதம் மிக அதிக தாக்கத்துக்கும், மேலும் 58 வீதம் நடுத்தரத் தாக்கத்துக்கும் உள்ளாகக்கூடியவை. உலகளவில் பெண்களின் வேலைகளில் 3.7 வீதமும் ஆண்களின் வேலைகளில் 1.4 வீதமும் முழுமையாகவே இயந்திரத்திடம் போகக்கூடியவை என்றும் அது கணித்தது. வீதம் சிறிது. ஆனால் அது யாருடைய வீதம் என்று பார்க்கவேண்டும்.

முகமாலையில் வெயிலில் முழங்காலில் இருந்து கண்ணிவெடி அகற்றும் பெண்களின் வேலையை எந்தச் சாட்ஜிபிடியும் எடுக்கவில்லை. வலை இழுப்பதையும், நாற்று நடுவதையும், மேசன் வேலையையும் எடுக்கவில்லை. உடலால் செய்வதே இயந்திரத்துக்குக் கடினம், மேசையில் இருந்து செய்வது இலகு. போருக்குப் பிறகு எங்கள் பிரதேசத்தில் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொன்னது இதற்கு நேர்மாறாக இருந்தது: வெயிலில் நிற்காமல் மேசையில் இருக்கிற வேலையைத் தேடு, கொம்பியூட்டர் படி. உயர்தரம் முடித்து ஆறுமாதக் கணினி வகுப்போடு ஏறக்கூடிய முதற்படி அதுதான். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கும், உடலில் காயத்தோடு வாழ்பவருக்கும் பெரும்பாலும் அது ஒன்றுதான் படி.

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். இறுதிப் போரில் ஒரு காலை இழந்தவர். ரியூசன் நிலையங்களுக்கு வினாத்தாள் தட்டச்சுச் செய்து கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். இப்போது ஆசிரியர்கள் கைபேசியிடம் வாயால் சொல்ல அது எழுதிக்கொடுக்கிறது.

"முந்தி பேப்பர் அடிக்க வாற சேர்மார் இப்ப பிழை பாக்கத்தான் வாறவை, தம்பி," என்றார். "அதுக்கு என்னெண்டு காசு கேக்கிறது?"

அவரை எந்த வேலையிழப்புக் கணக்கிலும் சேர்க்க முடியாது. அவரை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

பழைய வேலை போனால் புதிய வேலை வரும் என்கிறார்கள். வருகிறது, அது எப்படிப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். 2023 ஜனவரியில் 'டைம்' சஞ்சிகை கென்யாவின் நைரோபியிலிருந்து ஒரு செய்தி வெளியிட்டது. சாட்ஜிபிடி அசிங்கமாகப் பேசாதிருக்கப் பழக்குவதற்காக, வன்முறையும் சித்திரவதையும் சிறுவர் துஷ்பிரயோகமும் நிறைந்த எழுத்துகளை வாசித்து வகைப்படுத்தும் வேலை அங்கே ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டிருந்தது. மணித்தியாலத்துக்குக் கையில் கிடைத்தது ஏறத்தாழ 1.32 முதல் 2 டொலர் வரை. வாசித்தவர்கள் மனதளவில் பாதிக்கப்பட்டார்கள். வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்தபோதும் படித்தவர்கள் பலர் இப்படியான துண்டு வேலைகளுக்கு வந்தார்கள். நாடு நொந்திருக்கும்போதுதான் இந்த வேலை மலிவாகக் கிடைக்கும். 2022இல் எங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும் நாட்டில் இரண்டு டொலர் பெரிதாகத் தெரியும். போரைப் பார்த்த எங்கள் பிள்ளைகள் முன்னால் அப்படி ஒரு வேலை வந்தால், அதில் என்ன வாசிக்கவேண்டியிருக்கும் என்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இந்த இயந்திரத்தை நான் வெறுக்கவில்லை. சிங்களத்தில் மட்டும் வரும் பொலிஸ் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் இருந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். இன்றைக்குக் கைபேசியில் படமெடுத்தால் விடயம் என்னவென்று ஓரளவு உடனே விளங்கும். தமிழ் அரசகரும மொழியாகி எத்தனையோ வருடம் கடந்தும் அரசு செய்யாததை ஒரு கைபேசி செய்கிறது. ஆனால் திகதியையும் இடத்தையும் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் சரிபாருங்கள். நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நாளை இயந்திரத்தை நம்பித் தீர்மானிக்க வேண்டாம்.

இன்னொரு விடயம் கட்டணத்தைவிட என்னை உறுத்துகிறது. அந்தத் தாய் பேசச் சம்மதித்தது எதிரே இருந்த ஆளை நம்பி. அவருடைய குரல் எங்கோ உள்ள நிறுவனம் ஒன்றின் கணினிக்குப் போய், அங்கே சேமிக்கப்படுமா, இன்னோர் இயந்திரத்தைப் பழக்கப் பயன்படுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் புலனாய்வாளர் வந்து நிற்கும் ஊரில் இது சின்னக் கேள்வி அல்ல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேற்றப்பட்டது, அதன் முக்கிய பகுதிகளை நடைமுறைப்படுத்துவதோ பிற்போடப்பட்டது. நேர்காணல் கொடுப்பவர்கள் இனிப் பெயர் மறைப்பதைப் பற்றி மட்டும் கேட்காமல், குரலை எங்கே ஏற்றுவீர்கள் என்றும் கேளுங்கள்.

அந்த அலுவலகத்துக்கு நான் பதில் எழுதினேன். மூன்று விடயம் கேட்டேன்: சாட்சியங்களை இணையத்திலுள்ள இயந்திரங்களில் ஏற்றக்கூடாது, மற்ற ஒலிப்பதிவுகளுக்குத் திருத்தும் கட்டணம் கேட்கும் நேரத்துக்கு ஏற்ப இருக்கவேண்டும், இறுதிப் பிரதியில் எது இயந்திரம் எழுதியது என்று குறிக்கவேண்டும். முதலாவதற்குச் சம்மதித்தார்கள். கட்டணத்தைப் பற்றி அடுத்த வரவுசெலவில் பார்ப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. அந்தத் தாயின் கோப்பை முதல் நிமிடத்திலிருந்து கையால் எழுதிக் கொடுத்தேன், பாதிக் கட்டணத்துக்கு.