லேசர் பார்வைத் திருத்த அறுவை: இடையில் இடர் நேர்ந்தால் மருத்துவர் செய்வது என்ன?

லேசர் பார்வைத் திருத்த அறுவைக்கு வருவோர் பெரும்பாலும் நல்ல உடல்நலமுள்ள இளையோர். கண்ணாடி அணிந்தால் தெளிவாகப் பார்க்கக்கூடிய கண்ணில்தான் இவ்வறுவை செய்யப்படுகிறது. எனவே, "ஏதேனும் ஆகிவிட்டால்?" என்னும் கவலை நோயாளருக்கும், அரங்கிற்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும் இருப்பது இயல்பே. அறுவையின்போது இடர்கள் அரிதாகவே நேர்கின்றன. நேரும்போது ஒவ்வொன்றையும் கையாள வகுக்கப்பட்ட நடைமுறை உண்டு. அதனை முன்பே அறிந்திருந்தால், "இன்று இத்துடன் நிறுத்துவோம்" என்று மருத்துவர் கூறும்போது அதன் பொருள் விளங்கும்.

இரு கட்டங்கள்

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிவாக அமைந்த படலம் கருவிழி. அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமன் உடையது. லேசிக் முறையின் முதற்கட்டத்தில், ஃபெம்டோசெகண்ட் லேசரைக் கொண்டு அதன் மேற்பரப்பில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய மடல் ஒன்று உருவாக்கப்படுகிறது. மைக்ரோகெரடோம் எனும் நுண்கத்தியாலும் மடல் உருவாக்கலாம். மடலின் ஒரு விளிம்பு கதவின் கீல்போலக் கண்ணோடு இணைந்தே இருக்கும்.

இரண்டாம் கட்டத்தில், மடலைப் புரட்டி, அடியிலுள்ள பரப்பை எக்ஸைமர் எனும் புறஊதா லேசர் செதுக்குகிறது. சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் நுண்ணளவில் திசுவை அகற்றும் இதன் ஆற்றலை 1981-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்த மூவருள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலறிஞர் ரங்கசாமி சீனிவாசன். கிட்டப்பார்வையில் ஒரு டயாப்டர் பவரைத் திருத்த ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசு அகற்றப்படுகிறது.

இவ்விரு கட்டங்களுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மடலில் குறை நேர்ந்தால் அதனை மீண்டும் அதே இடத்தில் படியவைக்கலாம். எக்ஸைமர் லேசர் அகற்றிய திசுவையோ திரும்ப வைக்க இயலாது. ஆகவே, மடல் செம்மையாக அமைந்ததென்று உறுதியாகும்வரை இரண்டாம் கட்டத்தைத் தொடங்கலாகாது. கீழே கூறப்படும் நடைமுறைகளுள் பெரும்பாலானவை இவ்விதியை ஒட்டியவை.

பிடிப்பு விலகுதல்

மடல் உருவாக்கப்படும்போது, கண் அசையாதிருக்க உறிஞ்சு வளையம் ஒன்று அதனைப் பற்றியிருக்கும். அப்போது கண்ணில் அழுத்தம் தோன்றும். சில நொடிகள் பார்வை மங்கும் அல்லது இருளும். இதனை எதிர்பாராதவர் திடுக்கிட்டு இமைகளை இறுக்கினாலோ தலையை அசைத்தாலோ பிடிப்பு விலகக்கூடும்.

ஃபெம்டோசெகண்ட் லேசராயின் கதிர் உடனே நிறுத்தப்படும். வெட்டு எந்நிலையில் நின்றது என்பதை ஆராய்ந்து, வளையத்தை மீண்டும் பொருத்தி அதே ஆழத்தில் வெட்டை நிறைவுசெய்வது பல வேளைகளில் இயலும். நுண்கத்தியால் செய்யும்போது பாதியில் நின்றால், மடலை மீண்டும் படியவைத்து அன்றைய அறுவையை ஒத்திவைப்பதே வழக்கம்.

மடலில் குறை

கருவிழியின் வளைவு மிகுதியாக இருப்பின் மடலின் நடுவே துளை விழவும், வளைவு குறைவாக இருப்பின் மடல் கீலின்றி முழுதும் பிரியவும் வாய்ப்புண்டு. இவை பெரும்பாலும் நுண்கத்தியோடு தொடர்புடையவை. வளைவை முன்கூட்டியே அளப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

துளை விழுந்தால் லேசர் செலுத்தப்படமாட்டாது. மடல் அப்படியே படியவைக்கப்பட்டு, அதன்மேல் பாதுகாப்புக்கான மென்மையான கான்டாக்ட் லென்ஸ் பொருத்தப்படும். கண் ஆறியபின், சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து, மடலின்றி மேற்பரப்பிலேயே லேசர் செலுத்தும் முறையால் பார்வையைத் திருத்தலாம்.

மடல் முழுதும் பிரிந்தால் அதனை ஈரம் காக்கும் சிறு கலத்தில் பாதுகாப்பர். அடிப்பரப்பு ஒழுங்காக இருப்பின் லேசர் செலுத்தியபின், முன்னரே மையால் இட்ட குறிகளைப் பார்த்து அதனை உரிய திசையில் மீண்டும் பொருத்துவர்.

குமிழிகளும் கண் அசைவும்

ஃபெம்டோசெகண்ட் லேசர் திசுவைப் பிரிக்கையில் நுண்ணிய வளிக்குமிழிகள் தோன்றுகின்றன. அவை அடர்ந்து திரண்டால் கண்ணின் பாப்பா தெளிவாகப் புலப்படாது. எக்ஸைமர் லேசரை வழிநடத்தும் கண் தொடர்கருவி பாப்பாவைப் பார்த்தே இயங்குவதால், குமிழிகள் கரையும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்கள் போதும். குமிழிகள் கண்ணின் முன்னறைக்குள் புகுந்திருந்தால் சில மணிநேரம் ஆகலாம்.

லேசர் பாயும்போது கண் சிறிது அசைந்தால் கருவி அதனைப் பின்தொடரும். அசைவு எல்லை மீறினால் கதிர் தானே நின்றுவிடும்; கண் நிலைக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். "சற்று அசைந்துவிட்டேனே" என்று பதற வேண்டியதில்லை.

கருவிழியின் வெளித்தோல் சிறிது உரிவதும் உண்டு. உலர்கண் உடையோரிடம் இது கூடுதலாகக் காணப்படும். பாதுகாப்பு லென்ஸும் சொட்டு மருந்தும் கொண்டு சில நாள்களில் ஆறிவிடும்.

நிறுத்தம் தோல்வியன்று

முதற்கண்ணில் இடர் நேர்ந்தால், மற்றொரு கண்ணின் அறுவை பொதுவாக ஒத்திவைக்கப்படும். லேசர் செலுத்தப்படாமல் மடல் மட்டும் படியவைக்கப்பட்ட கண்ணில், ஆறியபின் பழைய பவரே ஏறத்தாழ நிலைக்கும். பழைய கண்ணாடி மீண்டும் பயன்படும். எனவே, கண்ணாடியை அறுவைக்கு முன்பே கைவிட்டுவிடாதீர்கள். ஒரு கண் திருத்தப்பட்டு மற்றது எஞ்சி நின்றால், இரு கண்களின் வேறுபாட்டால் கண்ணாடி பொருந்தாமல் போகலாம். எஞ்சிய கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் அணிவது இடைக்காலத் தீர்வாகும்.

வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் இத்தருணத்தில் "பணம் கட்டியாயிற்று, எப்படியாவது இன்றே முடித்துவிடுங்கள்" என்று வற்புறுத்த வேண்டா. குறையுள்ள மடலின்மீது லேசர் செலுத்தினால் நிலையான தழும்பும், கண்ணாடியாலும் திருத்தவியலாத மங்கலும் எஞ்சக்கூடும். இன்று ஒத்திவைத்தால் சில மாதங்கள் காத்திருக்க நேரும், அவ்வளவே.

அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

மறுநாள் பரிசோதனையைத் தவறவிடலாகாது. மடலில் சுருக்கம் விழுந்திருந்தால், அதனைத் தூக்கி நீவிச் சரிசெய்வது தொடக்க நாள்களில்தான் எளிது. மடலுக்கு அடியில் அழற்சி தோன்றினால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அடிக்கடி இடவேண்டும். மிகுந்தால் மடலைத் தூக்கிக் கழுவ வேண்டியிருக்கும். நாளுக்கு நாள் கூடும் வலி, சிவப்பு, கூச்சம், பார்வைக் குறைவு, கருவிழியில் வெண்புள்ளி ஆகியவை தொற்றின் அறிகுறிகள். இவற்றுள் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

கண்ணைத் தேய்ப்பது, நீச்சல், எண்ணெய்க் குளியல் ஆகியவற்றை மருத்துவர் கூறும் காலம்வரை தவிர்க்கவும். உறங்கும்போது கண்மூடியை அணியவும். கண் வறட்சி சில மாதங்கள் நீடிக்கலாம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு அதற்கு உதவும்.

உங்கள் பங்கு

கான்டாக்ட் லென்ஸ் அணிவோர் அறிவுறுத்திய நாளிலிருந்து அதனை நிறுத்தவேண்டும். அது கருவிழியின் வடிவை மாற்றி அளவீட்டைப் பிழையாக்கும். கருவுற்றிருத்தல், பாலூட்டுதல், மூட்டுவாதம் போன்ற நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், குடும்பத்தில் கூம்புக் கருவிழி நோய் ஆகியவற்றை மறைக்காமல் கூறவும். 540 மைக்ரான் கருவிழியில் மடலுக்கு 110, 6 டயாப்டர் பவருக்கு ஏறத்தாழ 84 போக, 346 மைக்ரான் எஞ்சும். எஞ்சும் பரப்பு 250 மைக்ரானுக்குக் குறையலாகாது என்பது நெடுநாள் வரையறை. இதனாலேயே சிலருக்கு அறுவை வேண்டா என்று மருத்துவர் கூறுகிறார்.

அறுவை நாளில் நறுமணத் தெளிப்பும் கண் மையும் தவிர்க்கவும். மேசையில் படுத்தபின் காட்டப்படும் ஒளிப்புள்ளியையே நோக்கியிருங்கள். இரு கண்களையும் இறுக்காதீர்கள். இருமலோ தும்மலோ வருவதுபோல் தோன்றினால் அசைவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர் உடனே நிறுத்துவார், பிறகு தொடர்வார்.