இரட்டைக் குழந்தைகளை வரவேற்க ஆயத்தமாவோம்

"உங்கள் வயிற்றில் இரண்டு குழந்தைகள் இருக்கின்றன" என்று தாதி கூறக் கேட்டதும், தாய்க்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே தோன்றுவது இயல்பு. இயற்கையாக உண்டாகும் கருப்பங்களில் ஏறத்தாழ எண்பதுக்கு ஒன்று இரட்டையாக அமைகிறது. ஆகவே இஃது அதிசயமுமன்று, அஞ்சத்தக்கதுமன்று. ஆயினும் ஒரு குழந்தைக்குச் செய்யும் ஏற்பாடுகளை இரு மடங்காக்கினால் போதும் என்று எண்ணுவது தவறு. இரட்டைப் பிரசவத்தில் தேவைகள் பெருகுகின்றன, காலமோ குறைகிறது. பத்து மாதமும் நிறையட்டும் என்று காத்திருக்கும் குடும்பம், ஆயத்தமாகுமுன்பே பிரசவத்தைச் சந்திக்க நேரிடலாம்.

இரட்டை உண்டாவது எவ்வாறு?

ஒட்டிய வாழைப்பழத்தை உண்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று நம்மவர் சிலர் கூறுவர். இதில் உண்மை இல்லை. தாயின் இரண்டு கருமுட்டைகள் ஒரே வேளையில் கருவுற்றாலும், கருவுற்ற ஒரு முட்டையே இரண்டாகப் பிரிந்தாலும் இரட்டைக் குழந்தைகள் உண்டாகின்றன. முதல் வகைக் குழந்தைகள் உடன்பிறந்தார் போன்று சாயலில் வேறுபடலாம். ஆணும் பெண்ணுமாகவும் இருக்கலாம். இவ்வகை இரட்டை தாய்வழிக் குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு. இரண்டாம் வகைக் குழந்தைகள் ஒரே பாலினர், உருவிலும் ஒத்திருப்பர்.

இரு குழந்தைகளுக்கும் தனித்தனி நச்சுக்கொடி உண்டா, அல்லது இருவரும் ஒன்றையே பகிர்ந்துகொள்கின்றனரா என்பதை மருத்துவர் அறிதல் மிகவும் அவசியம். ஒன்றையே பகிர்ந்துகொண்டால், ஒரு குழந்தைக்கு இரத்தம் மிகுந்தும் மற்றதற்குக் குறைந்தும் போகக்கூடும். அத்தகைய தாயை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். 11-ஆம் வாரத்திற்கும் 14-ஆம் வாரத்திற்கும் இடையே செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனையில் இது தெளிவாகத் தெரியும். ஆகவே மாதவிலக்குத் தள்ளிப்போனதும் காலம் தாழ்த்தாது அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள்.

ஏழாம் மாதத்திற்குள் எல்லாம் முடிக

ஒற்றைக் குழந்தைக்கு 40 வாரம் கணக்கு. இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன்பே பிறந்துவிடுகின்றனர். தானாக வலி காணாவிடினும், 36 முதல் 38 வாரத்திற்குள் பிரசவத்தை நடத்த மருத்துவர் நாள் குறிப்பதுண்டு. எனவே பயணம், பணம், வீட்டுத்துணை ஆகிய ஏற்பாடுகள் யாவும் 28-ஆம் வாரத்திற்குள், அதாவது ஏழு மாதம் நிறைவதற்குள், முடிந்திருத்தல் நலம்.

ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தும் குடும்பங்கள், அதனை ஏழாம் மாதத்திலேயே நடத்திவிடலாம். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். தாய்வீடு வேறு மாநிலத்தில் இருப்பின், இறுதி நாள்களில் பேருந்தில் நெடுந்தூரம் பயணம் செய்வது ஆபத்து. செல்வதா வேண்டாமா என்று மருத்துவரிடம் முன்னரே கேளுங்கள். செல்வதாயின் விரைவில் சென்று, கருப்பப் பதிவுப் புத்தகத்தை அங்குள்ள கிளினிக்கில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். அப்புத்தகம் எந்நேரமும் தாயின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மருத்துவமனையே பாதுகாப்பான இடம்

முன்னாளில் தோட்டத்து மருத்துவச்சியின் கையில் நலமாகப் பிறந்த இரட்டையர் பலர் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் இரட்டைப் பிரசவத்தை வீட்டில் நடத்துவது பெரும் ஆபத்து. முதற்குழந்தை நலமாகப் பிறந்தபின், இரண்டாம் குழந்தை குறுக்காகத் திரும்பிக்கொள்ளலாம். இருவரைச் சுமந்து விரிந்த கருப்பை உடனே சுருங்காமற் போனால், தாய்க்கு இரத்தப்போக்கு மிகும். அவ்வேளையில் உயிர்காப்பது இரத்தமும் அறுவைச் சிகிச்சையுமே. முதற்குழந்தையின் தலை கீழ்நோக்கியிருந்தால் இயல்பான பிரசவம் பலருக்குக் கூடும். அதனையும் மருத்துவரே முடிவு செய்வார்.

நள்ளிரவில் வலி கண்டால் எவருடைய காரில் செல்வது? மழையில் தோட்டத்துச் செம்மண் சாலை பழுதானால் எவ்வழியே செல்வது? இவற்றை இன்றே பேசி முடிவு செய்யுங்கள். ஒரு காருக்கு இரண்டு கார் சொல்லி வைப்பது நன்று. அவசர உதவிக்கு 999 என்ற எண்ணை அழைக்கலாம்.

பின்வரும் குறிகளுள் ஒன்று தோன்றினும், பொழுது விடியட்டும் என்றோ பெரட்டு முடியட்டும் என்றோ காத்திராமல் மருத்துவமனை செல்லுங்கள்:

1. இரத்தம் காணுதல், அல்லது நீர் கசிதல்.
2. மாதம் நிறையுமுன் வயிறு விட்டுவிட்டு இறுகுதல், வலித்தல்.
3. கடுந்தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல். இவை இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறிகள். இரட்டை சுமப்போருக்கு இஃது அதிகம் வரும்.
4. குழந்தைகளின் அசைவு வழக்கத்திலும் குறைதல்.

உணவும் உழைப்பும்

மூன்று பேருக்கு உண்ண வேண்டும் என்று சோற்றை மட்டும் குவித்து உண்பதால் பயனில்லை. முட்டை, மீன், நெத்திலி, பருப்பு, தெம்பே, முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிறு நெருக்குவதால் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது எளிது. இரட்டை சுமக்கும் தாய்க்கு இரத்தசோகை எளிதில் வரும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்ளுங்கள். அவற்றைத் தேநீருடனோ காப்பியுடனோ விழுங்கினால் சத்து உடலில் சேராது. கொய்யா, ஆரஞ்சு போன்ற பழங்களோடு உட்கொண்டால் நன்கு சேரும்.

நிறைந்த பால் வாளியைச் சுமந்து சரிவில் இறங்குவதும், பூண்டுகொல்லி மருந்து தெளிப்பதும் கருப்பிணிக்கு ஆகா. மருத்துவரின் கடிதத்தைப் பெற்று, இலகுவான வேலை தருமாறு நிர்வாகத்திடம் கேளுங்கள்.

விடுப்பு பற்றிய சட்டம்

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஒரே பிரசவம் என்பதால் இரட்டைக்கும் இதே 98 நாள்தான். இரு மடங்கு கிடையாது. பிரசவத்திற்கு 30 நாள் முன்னதாகவே விடுப்பைத் தொடங்கலாம். எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்திய 60 நாள்களுக்குள் நிர்வாகத்திற்கு அறிவிக்க வேண்டும். இரட்டை முந்திப் பிறக்குமாதலால், அந்த 60 நாள் தொடங்கியதுமே எழுத்து மூலம் அறிவித்துவிடுங்கள்.

திருமணமான தந்தைக்கும் ஊதியத்துடன் தொடர்ந்து 7 நாள் விடுப்பு உண்டு. ஐந்து பிரசவங்கள் வரை இதனைப் பெறலாம். ஒரே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். பிரசவ நாளுக்கு 30 நாள் முன்னராவது அறிவிக்க வேண்டும். இவ்விடுப்பு விருந்தினரை உபசரிப்பதற்கன்று, மனைவிக்குத் துணையிருப்பதற்கே.

இல்லத்தில் செய்யவேண்டுவன

பிறக்குமுன் குழந்தைக்குப் பொருள் வாங்கலாகாது என்று பெரியோர் கருதினால், அவர்கள் மனம் நோக வேண்டாம். பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி மடித்து வைப்பதில் தடையேதும் இராது. முந்திப் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் எடை குறைந்தவர்கள்; உடற்சூட்டை விரைவில் இழப்பார்கள். மருத்துவர் அனுமதித்ததும், தாயோ தந்தையோ குழந்தையைத் தம் வெறும் மார்போடு அணைத்து வைத்திருப்பது நல்ல வெப்பம் தரும். உறங்கும்போது ஒவ்வொரு குழந்தையையும் தனியிடத்தில், மல்லாத்திப் படுக்க வையுங்கள்.

இருவருக்கும் தாய்ப்பால் போதுமா என்ற ஐயம் வேண்டா. குழந்தைகள் சப்பச் சப்பப் பால் ஊறும். ஒரு குழந்தை மருத்துவமனையிலேயே தங்க நேரின், பாலைப் பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுக்க வழியுண்டா என்று தாதியிடம் கேளுங்கள். எக்குழந்தை எப்பொழுது பால் குடித்தது என்பதை ஒரு நோட்டில் குறித்து வந்தால், ஒன்று பசியோடிருக்க மற்றதற்கே மறுபடி ஊட்டும் தவறு நேராது. பிறப்புப் பதிவும் தடுப்பூசியும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே செய்யவேண்டும்.

பத்தியம் என்று தாயைப் பட்டினி போடலாகாது. இருவருக்குப் பாலூட்டுபவளுக்கு உணவும் நீரும் உறக்கமும் தேவை. சமையல், துணி துவைத்தல், மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவற்றை மாமியாரும் கணவரும் அண்டை வீட்டாரும் முறைவைத்து ஏற்கலாம். தாயின் மனச்சோர்வு இரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்தால், அதனைத் தாதியிடம் தயங்காமல் கூறுங்கள்.

வயிற்றில் இருவரையும் சுமப்பவள் தாய் ஒருத்தியே. பிறந்தபின் அச்சுமையைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ள இயலும். யார் எதனைச் செய்வது என்று இன்றிரவே குடும்பத்தார் கூடிப் பேசுவீர்களாக.