ஒன்பது பெண்களும் ஒரு பாட்டும்

    

"இன்றைய இளைஞர்களின் இசை அவர்களை மயக்குகிறதா, இணைக்கிறதா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டார். "ஒன்பது பொண்ணுங்க ஒரே மாதிரி நின்னு ஒரே மாதிரி காலைத் தூக்குது, அதுக்குப் பேரு பாட்டாம், கொரியாவுல இருந்து வந்திருக்காம்" என்றார். நீங்கள் எல்லாம் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்லாப் பேசுனா எதிரணியா இருந்தாலும் தட்டத்தானே வேணும்? ஆனால் நடுவர் அவர்களே, சகோதரி காலைத் தூக்கியதைப் பார்த்தார். அந்தக் கால் எந்தத் தெருவில் போய் ஊன்றியது என்பதைப் பார்க்கவில்லை.

அந்த ஒன்பது பெண்களின் குழுவுக்குப் பெயர் கேர்ள்ஸ் ஜெனரேஷன். கொரிய மொழியில் சோநியோ ஷிதே. 'பெண்பிள்ளைகளின் காலம்' என்று சொல்லலாம். 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் பாட்டோடு மேடைக்கு வந்தார்கள். மூத்தவளுக்கு வயது 18, இளையவளுக்கு 16. அந்த முதல் பாட்டை உலகம் 'இன்டு தி நியூ வேர்ல்டு' என்று அறியும். கொரியத் தலைப்பு என்ன தெரியுமா? 'தாஷி மன்னன் செகே'. 'மன்னன்' என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. தமிழ் வாத்தியாருக்கு அதுதானே வியாதி! (சிரிப்பு) இல்லை ஐயா, அது நம்ம மன்னன் இல்லை. கொரியாவிலே 'மன்னன்' என்றால் 'சந்தித்த'. 'மறுபடி சந்தித்த உலகம்' என்பது தலைப்பின் பொருள். அங்கே அம்மாவை 'ஒம்மா' என்கிறார்கள், அப்பாவை 'அப்பா' என்றே அழைக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று கிளம்பி விடாதீர்கள். 1905-இல் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுத் தனிப் புத்தகமே எழுதினார். இன்றைய மொழியியலார் அந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. அது வேறு பட்டிமன்றம், அதை விடுங்கள்.

பாட்டுக்கு மெட்டமைத்தவர் கென்ஸி என்ற பெண் இசையமைப்பாளர். பாட்டில் என்ன சொல்கிறார்கள்? காதலிக்கு ஏங்குகிற பாட்டு அன்று. முன்னால் இருக்கிற வழி கரடுமுரடு, குறுக்கே சுவர், யாரோ வந்து அற்புதம் செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம், துணைக்கு ஆள் உண்டு, நடப்போம். இவ்வளவுதான் கருத்து. வீடியோவிலும் அதே சங்கதிதான். ஆளுக்கொரு கனவு, ஆளுக்கொரு முயற்சி. நடு நடுவே ஒன்பது பேரும் ஒன்றாகக் கூடி ஆடுகிறார்கள். சகோதரி சொன்ன அந்தக் கால் வீச்சு வருவது அங்கேதான். காற்றிலே உதைக்கிறார்கள். கொரியாவில் அந்த உதை அவ்வளவு பிரபலம். பின்னால் 2009 ஜனவரியில் அதே குழு 'ஜீ' என்று ஒரு பாட்டுப் போட்டது, கே.பி.எஸ். தொலைக்காட்சியின் 'ம்யூசிக் பேங்க்' நிகழ்ச்சியில் தொடர்ந்து 9 வாரம் முதலிடம். புகழிலே அது பெரிய பாட்டு. என் வழக்குக்கு முதல் பாட்டுதான் சாட்சி.

இதைக் கேட்டதும் தமிழ் படித்தவனுக்கு ஒன்று ஞாபகம் வரும். குரவைக் கூத்து என்றால் என்ன? ஏழு பேரோ எட்டுப் பேரோ ஒன்பது பேரோ கைகோத்து ஆடுவது என்று நம் உரைகாரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மதுரையின் ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கேடு வரப்போகிறது என்று நெஞ்சு பதறுகிறது. அந்த நேரத்தில் மாதரி பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆடச் சொல்கிறாள். பயம் வந்த நேரத்திலே ஆட்டம்! ஏன்? பயந்த ஆள் தனியே நிற்கக்கூடாது. பக்கத்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "இதெல்லாம் கம்பெனி தயாரிக்கிற சரக்குதானே?" என்று. ஆமாம் ஐயா, சரக்குதான். அதை நான் ஏன் மறைக்கணும்? எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம் சிறு பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்து, மேடைக்கு அனுப்பியது. ஜெசிகா என்ற பெண் 2000-இலே பயிற்சிக்குச் சேர்ந்தவர். மேடை ஏற ஏழு வருஷம். நம்ம ஊரில் எம்.பி.பி.எஸ்.ஸே முடித்துவிடலாம்! (சிரிப்பு) ஒப்பந்தமும் சாதாரணமில்லை. அதே நிறுவனத்தின் டி.வி.எக்ஸ்.க்யூ. என்ற ஆண்கள் குழுவில் மூன்று பேர், 13 வருஷ ஒப்பந்தம் அநியாயம் என்று 2009-இல் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டில்தான் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்து ஏழு வருஷம் என்று வரம்பு கட்டியது. பிள்ளைகளைப் பிழிகிறார்கள் என்று எதிரணி சொன்னால், அந்த இடத்தில் நான் எதிரணிதான்.

ஆனால் சரக்கை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள், அதிலேதான் விஷயம். ஒரு பாட்டை ஒன்பது துண்டாக நறுக்கி ஆளுக்கொரு அடி கொடுப்பார்கள். பல்லவி வந்ததும் ஒன்பது குரலும் சேர வேண்டும். ஆட்டத்தில் கடினமான அசைவு நிறைய இருக்கும்; நடுவில் ஒன்றே ஒன்று, பார்த்த மாத்திரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை திருப்பிச் செய்கிற மாதிரி எளிசாக வைப்பார்கள். வகுப்பறையிலும் கல்யாண வீட்டிலும் அது பரவும். அதோடு விட்டார்களா? ரசிகர்களுக்கே ஒரு பாடம் உண்டு. எந்த அடிக்குப் பிறகு எந்தப் பெண்ணின் பெயரைக் கத்த வேண்டும், எந்த இடத்தில் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும் என்று முறை வகுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே மூச்சில் கத்துவார்கள், தாளம் பிசகாது. நம்ம ஊர் பஜனையில் நாலு பேர் சேர்ந்தாலே மூன்று தாளம்! கையிலே ஒளிரும் குச்சி. குழுவுக்கு ஒரு வடிவம், ஒரு நிறம். எல்லாம் காசுக்கு. எல்லாம் வியாபாரம். ஆனால் அந்த வியாபாரி அறியாமலே ஒரு தலைமுறைக்குச் சேர்ந்து குரல் எழுப்பப் பயிற்சி கொடுத்துவிட்டான்!

அந்தப் பயிற்சி எப்போது வெளியே வந்தது? ஒன்பது வருஷம் கழித்து வந்தது.

சியோல் நகரத்தில் இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1886-இல் மேரி ஸ்க்ரான்டன் என்ற பாதிரி அம்மையார் ஒரே ஒரு மாணவியை வைத்துத் தொடங்கிய பள்ளி அது. 'இஹ்வா' என்றால் பேரிப்பூ. அந்தப் பெயரைத் தந்தவர் கோஜொங் அரசர். இவர் நிஜ மன்னன். 2016 ஜூலையில் பல்கலைக்கழக நிர்வாகம், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காகத் தனியே ஒரு பட்டக் கல்லூரி திறப்பதாக அறிவித்தது. எங்களைக் கேட்கவே இல்லை, பட்டத்தை விற்கிறீர்கள் என்று மாணவிகள் கிளம்பினார்கள். ஜூலை 28-ஆம் தேதி தலைமைக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். மாணவிகள் பக்கமே முழு நியாயம் என்று நான் வாதாட மாட்டேன். படிக்க முடியாமல் வேலைக்குப் போன பெண் பிற்காலத்தில் படிக்க வந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோச்சு என்று அங்கேயே கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பேராசிரியர்கள் சிலரும் ஊழியர்களும் நாற்பத்தாறு மணி நேரம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். நானும் பேராசிரியன், எனக்கு வயிறு கலங்காதா? (சிரிப்பு)

ஜூலை 30. நிர்வாகம் போலீசைக் கூப்பிட்டது. வந்தவர்கள் எத்தனை பேர்? 1,600 பேர்! எதிரிலே இருந்தவர்கள் யார்? இருபது வயசுப் பெண்கள். கையிலே கல் இல்லை, கம்பு இல்லை. நடைபாதைத் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி கையை இன்னொருத்தி கோத்துக்கொண்டாள். போலீஸ் நெருங்க நெருங்க ஒரு பாட்டு கிளம்பியது. எந்தப் பாட்டு? 'தாஷி மன்னன் செகே'!

(கைதட்டல்)

ஏன் அந்தப் பாட்டு? போராட்டப் பாட்டுக்குக் கொரியாவில் பஞ்சமா? 1970-களின் 'காலைப் பனித்துளி' இருக்கிறது. 1980-இல் குவாங்ஜு நகரத்தில் ராணுவம் சுட்டுக் கொன்ற மக்களின் நினைவாக எழுந்த அணிவகுப்புப் பாட்டு இருக்கிறது. அவையெல்லாம் பெரியவர்கள் பாட்டு. அவற்றைப் பாடினால் வெளியார் தூண்டிவிட்ட அரசியல் என்று முத்திரை குத்துவார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தயக்கம். 2016-இல் இருபது வயது என்றால் 2007-இல் என்ன வயது? பதினொன்று! ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு. கண்ணாடி முன்னால் நின்று காலை உதைத்துப் பழகிய வயது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தாள் பார்க்காமல், அத்தனை பேருக்கும் முழுசாகத் தெரிந்த பாட்டு அது. அழுகிற குரலிலும் அடி மறக்காத பாட்டு. மாதரி வீட்டு முற்றத்தில் கை கோத்தார்களே, அது எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

அன்றைக்குப் போலீஸ் அவர்களை ஒவ்வொருவராக அப்புறப்படுத்தியது. பாட்டு ஜெயித்துவிட்டது என்று நான் கதை விடவில்லை. ஆனால் அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. மாணவிகள் வீட்டுக்குப் போனார்களா? போகவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் விலக வேண்டும் என்று தொடர்ந்தார்கள். அந்த நேரத்தில்தான் இன்னொரு பூதம் கிளம்பியது: நாட்டின் அதிபர் பார்க் குன்-ஹேயின் நெருங்கிய தோழியின் மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் சலுகை காட்டி இடம் கொடுத்த விவகாரம். அக்டோபர் 19-இல் தலைவர் பதவி விலகினார். ஊழல் நூல் அதிபர் மாளிகை வரை போனது. லட்சக்கணக்கில் மக்கள் மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வந்தார்கள். "காற்றடிச்சா மெழுகுவர்த்தி அணைஞ்சு போகும்" என்கிற தோரணையில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் ஏளனம் பேசினார். உடனே ஜனங்கள் என்ன செய்தார்கள்? அணையாத மின்விளக்குகளை எடுத்து வந்தார்கள். பாட்டுக் குழுவின் ஒளிரும் குச்சியையும் சிலர் கொண்டுவந்தார்கள்! 2016 டிசம்பர் 9-இல் நாடாளுமன்றம் அதிபர் மீது பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 2017 மார்ச் 10-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவரை நீக்கியது.

எட்டு வருஷம் ஓடியது. 2024 டிசம்பர் 3, இரவு பத்தரை மணி. அதிபர் யூன் சுக்-யோல் தொலைக்காட்சியில் தோன்றி, ராணுவச் சட்டம் என்றார். வீட்டிலே சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரம்! நாடாளுமன்றத்துக்கு ஹெலிகாப்டரில் சிப்பாய்கள் இறங்குகிறார்கள். உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய், 190 பேர் ஒருமனதாக அந்த ஆணையை நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். விடிவதற்குள் ராணுவச் சட்டம் போனது. அதிபர் போகவில்லை. டிசம்பர் 7-இல் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. 300 பேரில் 200 வாக்கு வேண்டும். ஆளுங்கட்சியார் வெளியே போய்விட, 195 பேர்தான் வாக்களித்தார்கள். தோற்றது.

அந்தக் குளிரிலே நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்ற கூட்டத்தில் இருபது முப்பது வயதுப் பெண்கள் திரள் திரளாக இருந்தார்கள். கையிலே என்ன? அதே ஒளிரும் குச்சி. மஞ்சள், பச்சை, ஊதா என்று ஒவ்வொருத்தி ஒவ்வொரு குழுவின் ரசிகை. சாதாரண நாளில் எந்தக் குழு பெரிசு என்று சண்டை போடுகிறவர்கள் அன்றைக்குத் தோளோடு தோள் நின்றார்கள். ஏஸ்பா குழுவின் 'விப்லாஷ்' பாட்டு ஒலிக்க, ரசிகர்கள் பெயர் கத்துகிற இடங்களில் "பதவி நீக்கு" என்று கோஷம் போட்டார்கள், தாளம் தப்பாமல்! வர முடியாதவர்கள் பக்கத்துக் காபிக் கடையில் முன்கூட்டியே பணம் கட்டி, "போராட வருகிறவர்களுக்கு என் கணக்கில் காபி கொடுங்கள்" என்று சொல்லிவைத்தார்கள். அன்னதானம் நமக்குத் தெரியும். இது காபி தானம்!

டிசம்பர் 14. மறுபடி வாக்கெடுப்பு. 204 பேர் ஆதரவு, 85 பேர் எதிர்ப்பு. தீர்மானம் நிறைவேறியது என்ற சேதி வெளியே வந்ததும் ஒலிபெருக்கியில் முதலில் எழுந்த பாட்டுகளில் ஒன்று எது? நான் சொல்லவே வேண்டாம், நீங்களே சொல்வீர்கள். (அவையினர்: "மன்னன்!") அதே மன்னன்தான்! பதினேழு வருஷப் பழைய பாட்டு. 2007-இல் அதைக் கண்ணாடி முன் ஆடியவளுக்கு இப்போது வயது இருபத்தெட்டு. அவள் அழுதுகொண்டே பாடுகிறாள். பக்கத்திலே நிற்கிற பதினெட்டு வயதுப் பெண்ணும் பாடுகிறாள். குவாங்ஜு காலத்துப் பாட்டு மட்டும் தெரிந்த பெரியவர் இதற்கு வரி தெரியாமல் கைமட்டும் அசைக்கிறார்.

எதிரணித் தலைவர் ஐயா எழுந்து, "அந்தக் கம்பெனிக்காரன் இதற்காகவா பாட்டுப் போட்டான்?" என்று கேட்பார், முகத்திலேயே தெரிகிறது. இதற்காகப் போடவில்லை ஐயா. பானை செய்தவன் விற்றுவிட்டுப் போய்விட்டான். வாங்கியவள் அதிலே சோறு வடித்தாள், ஊருக்கே போட்டாள். பானைக்காரனைத் திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சோற்றை மயக்க மருந்து என்று சொன்னால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

2025 ஏப்ரல் 4, காலை 11 மணி 22 நிமிடம். அரசியல் சாசன நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதிபரை நீக்கித் தீர்ப்புப் படித்தார்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். உட்கார்ந்துவிடுகிறேன்.