கவசமும் மூப்படையும்

நம் இல்லங்களில் முன்னாளில் புழங்கிய எனாமல் பாத்திரங்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறிப் பட்டால் வெண்பூச்சு சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் இரும்பு துருவேறும். விடுமுறைக்கு நம்மை ஊருக்கு ஏற்றிச் செல்லும் ஜெட் விமானத்தின் எஞ்சினுள்ளும் இத்தகைய சங்கடமே உண்டு.

எஞ்சினில் சுழலும் டர்பைன் அலகுகள் நிக்கல் கலப்பு உலோகத்தாலானவை. அவ்வுலோகம் ஏறத்தாழ 1,300 டிகிரி சென்டிகிரேடில் உருகத் தொடங்கும். அவற்றின்மீது பாயும் வாயுவோ 1,500 டிகிரியையும் கடக்கும். உட்புறத் துளைகளில் ஓடும் காற்றும், கால் மில்லிமீட்டர் அளவே தடித்த ஸிர்க்கோனியாப் பீங்கான் பூச்சுமே அலகுகளைக் காக்கின்றன. தூய ஸிர்க்கோனியா சூடேறி ஆறுகையில் பருமன் மாறி வெடிக்கும்; ஆதலின் 7 அல்லது 8 சதவீதம் இட்ரியா சேர்க்கின்றனர்.

இப்பூச்சு வெப்பத்தைத் தடுக்குமேயன்றிப் பிராணவாயுவைத் தடுக்காது. எனவே அதனடியில் அலுமினியம் செறிந்த உலோகப் பூச்சொன்று இடப்படுகிறது. ஊடுருவிவரும் பிராணவாயு அலுமினியத்துடன் கூடி, அலுமினா என்னும் மெல்லிய ஏடாகிறது. அந்த ஏடே பின்வரும் பிராணவாயுவுக்குத் தடையாகிறது. பகையையே காவலாக்கும் விந்தை இது!

ஆயினும் அக்காவல் நிலையானதன்று. வெப்பத்தில் ஏடு மெல்ல மெல்லத் தடிக்கிறது. எஞ்சின் ஆறும்போது உலோகம் மிகுதியாகவும் அலுமினா குறைவாகவும் சுருங்குவதால் இடையே இறுக்கம் பிறக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளின் அளவு ஏடு தடித்ததுமே கீறல்கள் தோன்றி ஒன்றோடொன்று கூடுகின்றன. மேலுள்ள பீங்கான் பொருக்காக உரிகிறது. அலுமினியம் குன்றியபின் நிக்கல், குரோமியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகள் விரைந்து வளர்ந்து கேட்டை முடுக்குகின்றன. பீங்கானின் நுண்துளைகளும் நாளடைவில் அடைபட, அது விறைத்து நெகிழ்வை இழக்கிறது.

ஆகவே, காத்த ஏடே வளர்ந்து கவசத்தைத் தள்ளிவிடுகிறது. இதை அறிந்தே பொறியாளர்கள் எஞ்சின் ஓடிய மணிகளோடு, அது சூடேறி ஆறிய தடவைகளையும் கணக்கிடுகின்றனர்; நீண்ட குழல்வழியே அலகுகளை நோக்குகின்றனர்; பழுதுற்றவற்றைக் கழற்றிப் புதுப்பூச்சு இடுகின்றனர். எஞ்சின் சோதனையால் விமானம் தாமதம் என்னும் அறிவிப்பைக் கேட்டால், நாம் முகம் சுளியாதிருப்போமாக. பொறுத்திருக்கும் அந்நேரமும் நம் குழந்தைகளின் பாதுகாப்புக்கே.