வியர்க்குரு

வியர்க்குரு அல்லது வேர்க்குரு என்பது வியர்வை நாளங்கள் அடைபடுவதால் தோலில் தற்காலிகமாகத் தோன்றும் சிறு கொப்புளங்கள் அல்லது தடிப்புகள் ஆகும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் பரவலாகக் காணப்படுகின்றது. இது தொற்றுநோய் அன்று.

காரணம்

நாளம் அடைபடும்போது வியர்வை வெளியேற இயலாமல் தோலுக்குள்ளேயே கசிகின்றது. பச்சிளங்குழந்தைகளில் இந்நாளங்கள் முழு வளர்ச்சி அடையாததால் அவர்களுக்கு எளிதில் ஏற்படுகின்றது. இறுக்கமான உடை, காய்ச்சல், நீண்டநாள் படுக்கையில் இருத்தல் ஆகியனவும் காரணங்களாகும்.

வகைகள்

அடைப்பு ஏற்படும் ஆழத்தைப் பொறுத்து இது மூன்று வகைப்படும்.

1. மேல்தோலின் புற அடுக்கில் அடைப்பு: நீர்த்துளி போன்ற, அரிப்பற்ற கொப்புளங்கள்.
2. மேல்தோலின் உட்பகுதியில் அடைப்பு: அரிப்பும் முள் குத்துவது போன்ற உணர்வும் உடைய சிவந்த பருக்கள். பொதுவாக வியர்க்குரு எனப்படுவது இதுவே.
3. மேல்தோலும் உட்தோலும் சேருமிடத்தில் அடைப்பு: தோல் நிறத் தடிப்புகள். இவை உடலில் பரவலாக ஏற்படின் வியர்த்தல் குறைந்து வெப்பத் தளர்ச்சி உண்டாகலாம்.

பராமரிப்பு

உடலைக் குளிர்வித்தலே முதன்மையான தீர்வாகும். காற்றோட்டமான இடம், தளர்ந்த பருத்தி உடை, குளிர்ந்த நீர்க் குளியல் ஆகியவற்றால் பெரும்பாலும் சில நாட்களில் மறைந்துவிடும். கலமைன் பூச்சு அரிப்பைத் தணிக்கும். எண்ணெயும் பிசுபிசுப்பான களிம்புகளும் அடைப்பை மிகுவிக்கும். குழந்தைகளுக்கு முகப்பவுடர் தூவுதல் தவிர்க்கப்பட வேண்டும். அத்துகள்களைச் சுவாசித்தல் நுரையீரலுக்குத் தீங்கானது.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்

சீழ், வலி, வீக்கம் அல்லது காய்ச்சல் இருப்பின் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். அந்நிலையிலும், சில நாட்களில் மறையாவிடினும் மருத்துவரை நாடுதல் வேண்டும். வெப்பத்தில் மயக்கமோ குழப்பமோ ஏற்படின் உடனடி மருத்துவ உதவி தேவை.